காற்றோட்டமான வகுப்பு

என் அப்பாவிடம் ஒரு வழக்கம் உண்டு. எதையும் நேரில் போய்ப் பார்க்காமல் சரி என்று சொல்ல மாட்டார். மாடு வாங்கினாலும், மருந்தடிக்கிற மெஷின் வாங்கினாலும், விற்கிறவர் சூடம் அணைத்துச் சத்தியமே செய்தாலும், சுற்றிச் சுற்றி வந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். என்னைத் தருமபுரி டவுனில் இருந்த ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்க்கலாம் என்று பேச்சு எழுந்தபோதும் அதையேதான் சொன்னார்: "நானு ஒருக்கா பாத்துட்டுச் சொல்றேன்."

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு, தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. டவுனில் செல்போன் கடை வைத்திருந்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் உலகம் தெரிந்தவர் என்ற பட்டம் அவருக்கே நிரந்தரமாக இருந்தது. "மாப்ள, நாம பள்ளிக்கூடத்தப் பாக்கற காலம் மலையேறிப் போச்சு. இப்ப அவங்கதான் நம்மளப் பாப்பாங்க" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பென்னாகரத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க நடந்து போகிற தூரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது, ஆனால் அறிவியல் வாத்தியார் மாற்றலாகிப் போனவர் போனவர்தான். டவுன் பள்ளியோ வேறு ரகம். காசு கொட்டிக் கொடுத்துத் தனியார் பள்ளியில் சேர்க்க முடிந்தவர்கள்கூட அங்கே வந்து வரிசையில் நின்றார்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கொஞ்சம். அதற்கும் பரீட்சை வைத்தார்கள். நான் எழுதினேன். எழுதிவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு மாமாவின் போனுக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளையையும் பெற்றவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். சீட்டு உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை.

அம்மாவால் வர முடியவில்லை. நாங்கள் பட்டுப்புழு வளர்த்தோம். அந்தச் சமயம் புழுக்கள் கூடு கட்டுவதற்கு முந்தைய பெரும்பசியில் இருந்தன. ஒரு வேளை மல்பெரி இலை போடத் தவறினாலும் கூடு இளைத்துவிடும். வர முடியாத வருத்தத்தையெல்லாம் அம்மா கேள்வியாக்கி அப்பாவின் கையில் கொடுத்தனுப்பினார். "பஸ் ஸ்டாண்டுல இருந்து எத்தினி தூரம்னு பாருங்க. குடிக்கிற தண்ணி எப்படின்னு பாருங்க. கக்கூஸ்ல தாழ்ப்பா இருக்குதான்னு கண்ணால பாருங்க, கேட்டுட்டு வந்துடாதீங்க." பஸ் ஏறும் வரை இதே பாட்டு. எனக்கோ சீட்டே கிடைக்காமல் போனால் தாழ்ப்பாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இருந்தது.

பள்ளி வாசலில் மாமா காத்திருந்தார். அவர் தலைக்கு மேலே பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். அதில் நூற்றுக்கு நூறு வாங்கிய அக்காக்கள் வரிசையாக இரட்டைச் சடையோடு முறைத்துக்கொண்டிருந்தார்கள். "உள்ள போயி புழு, எலன்னு ஏதாச்சும் பேசி வெக்காதீங்க மாப்ள. அவங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் மாமா. அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல்மேல் நம்பிக்கை இல்லை.

தலைமை ஆசிரியை யாரோடோ பேசிக்கொண்டிருந்ததால் எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். மாமாவுக்குக் கடையிலிருந்து போன் வந்தது. அவ்வளவுதான், அப்பா கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒரு கை குடித்துப் பார்த்தார். ஒரு டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, கழிப்பறைக் கதவைத் தள்ளித் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஒன்பதாம் வகுப்புகள் இருந்த தாழ்வாரத்துக்குப் போய், ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, மெல்ல மூச்சை இழுத்தார். எங்கள் புழு ஷெட்டிலும் அவர் அப்படித்தான் செய்வார். புழுவுக்கு நோய் வந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஏ செக்ஷனிலும் பி செக்ஷனிலும் பெஞ்சுக்குப் பெஞ்சு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் பக்கமெல்லாம் பை. அப்பா உதட்டைப் பிதுக்கினார். கடைசியில், வேப்பமரத்தை ஒட்டி எஃப் செக்ஷன். பிள்ளைகள் கொஞ்சம்தான். இரண்டு பக்கமும் ஜன்னல், நல்ல காற்று. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த டீச்சரிடம் விசாரித்தார்.

"இதுங்க கொஞ்சம் மெதுவா படிக்கிற பிள்ளைங்க. அதனால தனியா பிரிச்சு வெச்சிருக்கோம்" என்றார் டீச்சர்.

"அப்படித்தாங்க செய்யணும்" என்றார் அப்பா, மிகுந்த திருப்தியோடு.

அவர் ஏன் திருப்திப்பட்டார் என்று எனக்கு அந்த நொடியே புரிந்தது, புரிந்ததும் பயமும் வந்தது. புழு வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. எல்லாப் புழுவும் ஒன்றுபோல வளராது. பின்தங்கியதைப் பெரியவற்றோடு விட்டால் அதற்கு இலை எட்டாது. அதனால் சின்னதையெல்லாம் பொறுக்கித் தனித் தட்டில் இட்டு, செடியின் நுனியில் இருக்கிற கொழுந்து இலையாகப் பார்த்துக் கிள்ளிப் போடுவோம். வீட்டிலேயே அதிக கவனிப்பு அந்தத் தட்டுக்குத்தான்.

எங்களைக் கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை களைத்த முகத்தோடு என் பரீட்சைத் தாளைப் புரட்டினார். "நல்லா எழுதியிருக்கா. பி செக்ஷன்ல ஒரு இடம் இருக்கு, தர்றேன். ஏ வேணும்னு மட்டும் கேக்காதீங்க, காலைல இருந்து அந்தச் சண்டைதான்" என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மாமா கும்பிட்டே விட்டார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "பி வேணாங்க மேடம். அந்த வேப்பமரத்துப் பக்கம் கடைசியா ஒரு வகுப்பு இருக்குதுங்களே, அதுல போட்டுடுங்க."

மாமா அப்பாவின் சட்டையை இழுத்தார். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எஃப் செக்ஷனா? ஏன்?" என்றார். என் காது ரெண்டும் கொதித்தது. நான் பின்தங்கிய புழு என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். இத்தனை நாள் ராப்பகலாகப் படித்ததை யாருமே பார்க்கவில்லையா என்று அழுகை முட்டியது.

அப்பா சொல்ல வேண்டாத எல்லாவற்றையும் சொன்னார். தட்டைச் சொன்னார், கொழுந்து இலையைச் சொன்னார். "தனியா பிரிச்சு வெச்சா நல்ல கவனிப்பு இருக்குமுங்களே. எம்பொண்ணு மொதத்தடவையா வூட்ட வுட்டு இத்தினி தூரம் வர்றா" என்றார்.

தலைமை ஆசிரியை சிரிக்கவில்லை. "நீங்க நினைக்கிற மாதிரி இல்லீங்க" என்று மெதுவாகச் சொன்னார். "எங்கிட்ட கணக்குக்கு ரெண்டே டீச்சர். அவங்கள ஏ-க்கும் பி-க்கும் விட்டாத்தான் சென்டம் வரும். காலைல ஸ்பெஷல் கிளாஸும் அந்த ரெண்டு செக்ஷனுக்குத்தான். எஃப்-க்கு யாராவது சும்மா இருந்தா அனுப்புவோம். வெளிய பேனர் பாத்தீங்கல்ல? அதைப் பாத்துட்டுத்தானே எல்லாரும் இங்க வர்றீங்க?"

பேனரை அப்பாவும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். "யோசிச்சுச் சொல்றதுன்னா முடியாதுங்க. வெளிய இன்னும் ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் தலைமை ஆசிரியை. நான் அப்பாவின் முகத்தையே பார்த்தேன். அவர் வாயிலிருந்து இன்னொரு முறை எஃப் என்று வந்துவிட்டால் என் கதை முடிந்தது என்று மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் அவர், "சரிங்க மேடம். பி-லயே போட்டுடுங்க" என்றார், என்னவோ தப்பு செய்கிறவரைப் போல, தரையைப் பார்த்துக்கொண்டு.

வெளியே வந்ததும் மாமா பிடித்துக்கொண்டார். "புழுவும் பொண்ணும் ஒண்ணா மாப்ள? நல்ல வேளை அந்தம்மா தங்கமானவங்க!" நான் அதுவரை அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதேன். "நான் என்ன மெதுவா படிக்கிற புள்ளையாப்பா?" என்றேன்.

அப்பா பதறிப்போனார். "ஐயோ, அப்படி இல்ல கண்ணு. கொழுந்து எல உனக்குக் கெடைக்கட்டுமேன்னுதான் கேட்டேன்" என்று தோளில் கிடந்த துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். எனக்குச் சமாதானம் ஆகிவிட்டது. பி செக்ஷன், பி செக்ஷன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்ல வேண்டும், ஊரில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

ஆனால் அப்பா வாசல் பக்கம் போகவில்லை. மறுபடி அந்தத் தாழ்வாரத்தில் நடந்து எஃப் செக்ஷன் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். இலை போட நேரமாகிறது, அம்மா தனியாகக் கிடந்து தவிப்பார் என்பதெல்லாம் அவருக்கு மறந்தே போனது போலிருந்தது. உள்ளே டீச்சர் யாரும் இல்லை. பிள்ளைகள் அவரவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்தப் புள்ளைங்களப் பெத்தவங்களுக்குத் தெரியுமா?" என்று மாமாவிடம் கேட்டார். "தெரிஞ்சு என்ன பண்ணப் போறாங்க? வாங்க மாப்ள, பஸ் போயிரும்" என்றார் மாமா.

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து, "யாரைப் பாக்கணுங்க?" என்றாள். என் உயரம்தான் இருப்பாள். எண்ணெய் வழிய வாரி, கனகாம்பரம் வைத்திருந்தாள்.

"யாரும் இல்ல கண்ணு. நீ படி" என்றார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. கண்ணு என்று அவர் என்னைத் தவிர யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சீட்டு வாங்கியது நான், ஜெயித்தது நான், அவரோ யார் வீட்டுப் பெண்ணையோ பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க அவர் கால் அங்கேயே நின்றது. எனக்கு நல்ல இடம் கிடைத்த நாளில் என் அப்பாவால் ஏன் சந்தோஷப்பட முடியவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.