அண்ணன் பெயருக்கு வந்த பதில்

எங்கள் வீட்டுக் கணினி இரண்டிலும் விண்டோஸை எடுத்துவிட்டு அண்ணன் லினக்ஸ் போட்டு வைத்திருந்தான். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அது இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கூடத்தில் இருந்த பழைய கணினி எனக்கு, மாடியில் இருந்த மடிக்கணினி அவனுக்கு. வைஃபை தரும் ரவுட்டர் பெட்டி வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கும். அவன் தன் எண்ணை என் கணினியின் ஒரு சின்னக் கோப்பில் எழுதி, பக்கத்தில் அண்ணன் என்று பெயரும் போட்டுவிட்டான். பிங் என்றால் அந்த எண்ணில் இருக்கும் கருவியை 'இருக்கிறாயா?' என்று கேட்பது; அதற்குப் பிறகு 'பிங் அண்ணன்' என்று தட்டினால் போதும், மாடியிலிருந்து வரிவரியாகப் பதில் வரும்.

கரும்பைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று அப்பாவோடு சண்டை போட்டவன், ஒருநாள் மடிக்கணினியும் கையுமாகப் பெங்களூருக்குப் போய்விட்டான். அவனே பேசட்டும் என்றார் அப்பா. ஆனால் சாயங்காலமானால் போனில் அண்ணன் நம்பரை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். இன்றைக்காவது கூப்பிட்டுவிட மாட்டாரா என்று அம்மாவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த வீட்டில் எனக்குப் பேச ஆளே இல்லை.

பள்ளி விட்டு வந்ததும் 'பிங் அண்ணன்' தட்டுவேன். பதில் வராது. என்மேலும் கோபம் போலிருக்கிறது என்று அழுதேன்.

அப்பா புதுப் போன் வாங்கி வந்தார். நான்தான் வைஃபையில் சேர்த்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் திரையில் பதில் ஓடியது.

"அப்பா! அண்ணன் பதில் சொல்லிக்கினே இருக்குதுப்பா!"

அப்பா என் பின்னால் வந்து நின்றார். "இன்னா சொல்றான்?"

"இருக்கேன், இருக்கேன்னு சொல்லுது."

வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லாத்தான் இருக்கான்" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதே "இன்னிக்கு வந்துச்சா?" என்பார். தட்டுவேன், வரும். நம்பரை எடுத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தட்டினால் மட்டும் பதில் வராது. அப்பாவுக்குத்தான் பேசுவான், எனக்குப் பேச மாட்டானா என்று பொறாமையாக இருந்தது.

அண்ணன் விட்டுப்போன எண்ணை ரவுட்டர் அடுத்து வந்த கருவிக்குக் கொடுத்துவிட்டது என்பதும், பதில் அப்பாவின் சட்டைப்பையில் இருந்த புதுப் போனிலிருந்தே வந்துகொண்டிருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. அந்த வருடம் முழுக்கப் பெங்களூரில் ஓர் அறையில் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அண்ணன் காத்திருந்தான் என்பதும், அவனுக்கு வரவேண்டிய அந்த ஒரு அழைப்பைத் தடுத்தவள் நான்தான் என்பதும் அப்போது தெரியாது.