பட்டணத்தில் குடித்த நீச்சத்தண்ணி

கடற்கரையும் நாடகமும் பார்க்க, மைத்துனனோடு ராசிபுரத்திலிருந்து சென்னைப் பட்டணம் போனேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கொல்லைப்புறம் கை கழுவப் போனேன். அங்கே ஒரு பானையில் வெள்ளையாகத் தண்ணீர் இருந்தது. வெயில் காலத்தில் வழிப்போக்கருக்கு நீச்சத்தண்ணி, அதாவது பழைய சோற்றில் ஊறிய நீர், வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுதான் இது என்று நினைத்து மொண்டு மடமடவென்று குடித்தேன். யாரோ மென்று துப்பிய முருங்கைச் சக்கை நாக்கில் ஒட்டியது.

“யோவ், அது மாட்டுக்கு வெச்ச கழனித்தண்ணிய்யா! எச்சித்தட்டு கழுவுனது!” என்று கடைக்காரர் கத்தினார்.

சாக்கடையோரம் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தேன். மைத்துனனோ, “மச்சான், நாடகத்துக்கு நேரமாச்சுங்க. நான் மட்டும் போயிட்டு வாரேனுங்க” என்று போயே விட்டான்.

இப்போது என் வீட்டு நீச்சத்தண்ணியைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிக்கிறேன். மனைவிக்குக் கோபம் வருகிறது. வரட்டும், அந்தச் சக்கை ஒட்டியது அவள் நாக்கில் இல்லையே!