மனைவியின் உடல்நிலை காரணமாக

காரைக்காலில் மதகு, பாலம், சாலை என்று அரசாங்கம் எதைக் கட்டினாலும் அதன் வரைபடம் செல்லையன் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போகும், அவ்வளவுதான். வரைகிறவர் டிராஃப்ட்ஸ்மேன். அவர் பென்சிலில் வரைந்ததன் மேல், ஊடுதெரியும் துணியை விரித்து, கோட்டின் மேல் கோடாக மையில் இழுப்பது செல்லையன் வேலை. டிரேசர் என்று அதற்குப் பெயர். மூலையில் பொடி எழுத்தில் அவன் பெயரும் இருக்கும். அதைப் படித்த ஒருவரை அவன் பார்த்ததில்லை.

அவனும் இரண்டு வருடம் முறையாக வரைபடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவன்தான். 1971-இல், டிராஃப்ட்ஸ்மேன் இடம் காலியில்லை, இப்போதைக்கு டிரேசராகச் சேருங்கள் என்றார்கள். சேர்ந்தான். அந்த ‘இப்போதைக்கு’ பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது.

பதவி உயர்வு வராமல் இல்லை. எழுபத்தெட்டில் வந்தது, ஏனாமுக்கு. எண்பத்தொன்றில் வந்தது, மாஹேக்கு. ஒன்று ஆந்திராவுக்குள், மற்றது கேரளத்துக்குள். புதுச்சேரி ஆட்சியில் சம்பளம் வாங்குகிற காரைக்கால்காரனுக்கு இது ஒன்றும் புதிதல்ல. உயர்வு வேண்டுமென்றால் மூட்டை கட்ட வேண்டும். இரண்டு முறையும் செல்லையன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். காரணம், மனைவியின் உடல்நிலை.

அதனால் அலுவலகத்தில் அவனுக்குத் தனி மரியாதை. பொண்டாட்டிக்காகப் பதவியையே உதறியவன் அல்லவா! அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போய், தாங்கள் வரைந்ததை அவன் மேசைக்கு அனுப்பினார்கள். கூடவே கொஞ்சம் பரிதாபத்தையும் அனுப்பினார்கள். அந்தப் பரிதாபம் அவனுக்கு இதமாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் இருந்தது.

எண்பத்து நான்கில் மூன்றாவது ஆணை வந்தது. மறுபடியும் ஏனாம்.

“இதையும் வேணாம்னீங்கன்னா இனிமே பட்டியல்ல உங்க பேரு வராது, செல்லையன். ரிட்டயர் ஆற வரைக்கும் டிரேசர்தான். வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் சொல்லுங்க” என்றார் தலைமை எழுத்தர் பாலகுரு.

பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த கமர் நிஷாவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் மாலை, தர்காவில் ஓதி வாங்கிய தண்ணீர் ஒரு பாட்டிலோடு செல்லையன் வீட்டை விசாரித்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே ஓர் அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தென்னைமட்டையை அரிவாளால் ஓங்கிப் போட்டுப் பிளந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, செல்லையன் சார் சம்சாரம் ஒடம்பு முடியாம இருக்காங்களாமே, எங்க படுத்திருக்காங்க?”

அரிவாள் நின்றது. அமுதத்துக்கு விளங்க இரண்டு நிமிடம் பிடித்தது.

“நாந்தாம்மா. இப்ப தேவலாம். உள்ள வா, காப்பி குடிச்சுட்டுப் போவலாம்” என்றாள். புருஷனை ஊரார் முன்னால் விட்டுக்கொடுக்கிற ரகம் அல்ல அவள்.

காப்பி முடிவதற்குள் ஏனாம், மாஹே எல்லாம் கமர் நிஷா வாயிலிருந்து வந்துவிட்டது. செல்லையன் வந்ததும் அமுதம் அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“ஆறு வருசமா எனக்கு என்ன வியாதிங்க?”

அவன் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான்.

“ஏனாம் என்ன கடலுக்கு அந்தாண்டயா இருக்கு? பஸ்ஸு இல்லயா, ரயிலு இல்லயா? நான் பெட்டியக் கட்டுறேன், வாங்க போவோம்.”

இனி மறைக்க வழியில்லை. சொன்னான். எழுபத்தேழில் ஒருநாள் டிராஃப்ட்ஸ்மேன் விடுப்பு. பூவம் பக்கத்தில் ஒரு சின்ன மதகு, நீங்களே வரைந்துவிடுங்கள் என்று எஞ்சினியர் அளவுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளைத் தாளைப் பலகையில் குத்திக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். படிக்கிற காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட மதகு. அடியில் இன்னொருவர் கோடு இல்லாமல் கை நகர மறுத்தது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்து படுத்தான்.

“அங்க போனா வெள்ளத் தாளத்தான் குடுப்பாங்க, அமுதம். எனக்கு வராது. பயமா இருக்கு.”

அமுதம் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“வரலன்னா வுடுங்க. டிரேசர் பொண்டாட்டியாவே இருந்துட்டுப் போறேன், எனக்கென்ன கொறச்சல்? ஆனா இன்னொரு தடவ என்னைய நோயாளியாக்காதீங்க. அது ஒண்ணுதான் கேக்குறேன்.”

மாட்டேன் என்று சத்தியம் செய்தான். மனசாரத்தான் செய்தான்.

வெள்ளிக்கிழமை அவன் நீட்டிய கடிதத்தில் ஒரே வரி இருந்தது. பதவி உயர்வை ஏற்க விருப்பமில்லை. பாலகுரு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காரணம் இல்லாம புதுச்சேரியில எடுத்துக்க மாட்டாங்களே. என்னன்னு போட?”

அறையில் எல்லாரும் இருந்தார்கள். கமர் நிஷா அடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். பயம் என்ற ஒரு சொல்தான். நாக்கு நுனிவரை வந்தது. பிறகு இந்த அறையில் இருபது வருடம் உட்கார வேண்டும் என்று நினைத்தான்.

“வூட்ல அப்படியேதான் இருக்காங்களா?” என்றார் பாலகுரு, குரலைத் தணித்து. “பழையபடியே போட்டுடட்டுமா?”

“போட்டுடுங்க சார்.”

பாலகுரு நல்ல மனுஷர். “மூணாவது தடவ பாருங்க, அதனால நாளுக்கு நாள் மோசமாயிட்டு வருதுன்னு சேத்துக்கிறேன்” என்று தானே எழுதிச் சேர்த்தார். கமர் நிஷா அதை வாங்கி, யாரையும் பார்க்காமல், ஓர் எழுத்து பிசகாமல் அடித்துக் கொடுத்தாள். செல்லையன் கையெழுத்துப் போட்டான்.

வீட்டில் அமுதம் இலை போட்டுக் காத்திருந்தாள்.

“என்ன காரணம் எழுதுனீங்க?”

“ஒண்ணும் எழுதல.”

அவள் முகம் தெளிந்துவிட்டது. நல்லதாப் போச்சு என்று, அவனுக்குப் பிடித்த மீன் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.