மழைக்காட்டின் கீழே ஒரு கட்டில்

துர்காய் புல்வெளியின் நடுவே இருந்த அந்தச் சிற்றூர் அருங்காட்சியகத்துக்கு ஓவியராக வந்தபோது காம்ஷத்துக்குக் கல்யாணமாகியிருக்கவில்லை. அல்மாட்டியில் படிப்பு முடிந்த கையோடு அனுப்பிவிட்டார்கள். நீளமான கூடம் ஒன்றைக் காட்டி, உலகத்தில் உள்ள காடு, பாலை, கடல் எல்லாம் இந்தச் சுவர்களுக்கு வந்துவிட வேண்டும் என்றார் தலைவி எமிலியா கார்லோவ்னா. காம்ஷத் அதுவரை பார்த்திருந்தது பிறந்த புல்வெளியும், படித்த ஊரின் மலையும்தான். மாதிரிக்குக் கொடுத்த படங்களோ கறுப்பு வெள்ளை.

ஆனாலும் வரைந்தாள். வடகோடியின் உறைபனி நிலமான தூந்திரத்துக்குக் கிணற்றடிப் பாசியின் நிறத்தைக் கொடுத்தாள். ஊசியிலைக் காட்டுக்கு அல்மாட்டியின் மலைச்சரிவு உதவியது. மழைக்காடு கிடங்கிலிருந்த பச்சையையெல்லாம் குடித்துவிட்டது. மீதிக்கு டிராக்டர் பட்டறையில் கெஞ்சி வாங்கிவந்தாள். அந்தக் காட்டு இலைகள் கடைசிவரை டிராக்டர் போலவே பளபளத்தன.

கடலில்தான் மாட்டிக்கொண்டாள். கொதிகலன் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருந்த தோக்தார், பசிபிக் கடற்படையில் சேவை முடித்து ஊர் திரும்பியவன், அந்த நீலச் சுவரின் முன்னால் நின்று சிரித்தான்.

“இது கடல் இல்லீங்க. குளிக்கிற தொட்டி.”

“தெரிஞ்சவங்க நீங்களே வரைங்களேன்” என்று தூரிகையை நீட்டினாள் காம்ஷத்.

அவன் தூரிகையை வாங்கவில்லை. மறுநாள் மோட்டார் சைக்கிளில் அவளை ஊருக்கு வெளியே கூட்டிப்போனான். மே மாதம். இறகுப்புல் காற்றில் சாய்ந்து சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. கடலுக்கும் இதே ஓட்டம்தான், நிறம்தான் வேறு என்றான். பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு வந்து, கடலை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தாள். அந்த வருஷமே அவர்களுக்குக் கல்யாணம். மகள் ஷோல்பான் பிறந்தாள்.

கூட்டுப் பண்ணைகளிலிருந்து பேருந்து பேருந்தாகப் பிள்ளைகள் வந்து வாய்பிளந்து பார்த்த காலம் அது. மேய்ப்பர்கள் வந்தால் கடலைக் கண்டுகொள்ள மாட்டார்கள். நேரே புல்வெளிச் சுவருக்குப் போய், இது யார் மந்தை, இப்படியா ஆட்டைச் சிதறவிடுவது என்று குறை சொல்வார்கள்.

பிறகு சோவியத் நாடே உடைந்தது. சம்பளம் நின்றது, நிலக்கரி நின்றது. எமிலியா கார்லோவ்னா சாவியைத் தோக்தாரிடம் கொடுத்துவிட்டு ஜெர்மனிக்குப் போய்விட்டார். அந்தக் குளிர்காலத்தில் குடியிருப்பைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. கூடத்தில் பழைய செங்கல் அடுப்பு ஒன்று இருப்பது தோக்தாருக்கு நினைவு வந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு அங்கே போனார்கள். பக்கத்து வீட்டு அக்மராலும் தன் புருஷனோடு வந்து சேர்ந்தாள்.

“நான் மழைக்காட்டுப் பக்கம் படுத்துக்கறேன். பாத்தாலே உடம்பு சூடாவுது” என்று முதலில் இடம்பிடித்தவள் அக்மரால்தான். தோக்தாரைத் தூந்திரத்துக்குத் தள்ளினாள். “தம்பி, உன் குறட்டையை அங்க இருக்குற வெள்ளக் கரடிதான் தாங்கும்.”

ஷோல்பான் பாலைவனத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். ஜன்னலோரக் கடல்தான் குளிர்ப்பெட்டி. பால் அங்கே உறைந்து நிற்கும். “கடல்ல பால் இருக்கு, எடுத்துட்டு வாடி” என்பாள் காம்ஷத். கிடைத்த மாவில் பவுர்சாக் உருண்டைகள் பொரிப்பார்கள். அதை உப்புத் தேநீரோடு தின்றபடி எதையாவது பேசிச் சிரிப்பார்கள். அவ்வளவு சிரிப்பு அந்தப் பஞ்சத்தில் எங்கிருந்து வந்ததென்று காம்ஷத்துக்கு இன்றும் புரியவில்லை.

பனி உருகியபோது மழைக்காடு அடுப்புக் கரியில் கறுத்துப் போயிருந்தது. தோக்தார் ஈரத்துணியால் துடைக்கப்போக, கரியோடு கிளிகளும் உரிந்து வந்தன. கையில் துணியோடு திருதிருவென்று விழித்தான்.

“விடுங்க” என்றாள் காம்ஷத். “ஒரு குளிர்காலம் முழுக்க உழைச்ச சுவரு.”

கொஞ்ச வருஷத்தில் கட்டடம் விலைபோனது. வாங்கியவர்கள் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அக்மரால் போய்ச் சேர்ந்தாள். பின்னாலேயே தோக்தாரும்.

இப்போது காம்ஷத் தலைநகர் அஸ்தானாவில் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறாள். தனி அறை, ஜனவரியிலும் ஜன்னலைத் திறக்கவைக்கும் வெப்பம். குறையொன்றும் இல்லை. இரவில் அறைக் கதவைச் சாத்த வருவாள் ஷோல்பான். “சாத்திடறேம்மா, பசங்க சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்.”

“கேக்கட்டும்” என்று கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு படுப்பாள் காம்ஷத்.