சிட்டம்மாள் வாசல் கற்பூரம்

உத்திரமேரூர்ப் பக்கம் நடவு வேலைக்குப் போன வேதகிரி, வீட்டுக்கு வழி தெரியாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த அன்றுதான் மனைவி அம்முலுவுக்கு விஷயம் புரிந்தது. வயதானால் சிலருக்கு இப்படி ஞாபகம் தேய்ந்துபோகும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதன்பிறகு கட்டிய பெண்டாட்டியையே சில நேரம் யாரோ என்று நினைத்து, "உக்காரும்மா" என்று மரியாதை செய்தார்.

ஆர்மோனியம் மட்டும் மறக்கவில்லை. மார்கழி பிறந்தால் காலனி பஜனை கோவிலிலிருந்து விடியலில் கோஷ்டி கிளம்பும். கோஷ்டியை நடத்தும் பாட்டுக்காரர் பெருமாள் பாட, வேதகிரி பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசிப்பார். பாட்டின் பேரைச் சொன்னால் முழிப்பார். பெருமாள் முதல் அடியை எடுத்தால் விரல் தானாக ஓடும். தெருவெல்லாம் சுற்றிக் கோவிலுக்குத் திரும்பி, கற்பூரம் காட்டும்போது மங்களம் பாடி முடிப்பார்கள். மங்களம் பாடிவிட்டால் அன்றைக்கு அதற்குமேல் ஒரு பாட்டும் கிடையாது, தொன்னையில் பொங்கல்தான்.

அந்த வருஷம் அவர் வழி தவறாமலிருக்க அம்முலு லாந்தரோடு பின்னால் நடந்தாள். முதல் நாள் தூறலில் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பாதித் தெருவில், ஒரு பாட்டின் நடுவிலேயே வேதகிரி மங்களத்துக்குப் போய்விட்டார். தாளம் போட்டவர்களும் பழக்கத்தில் கூடப் பாடிவிட்டார்கள். அவ்வளவுதான், பஜனை முடிந்தது. மேலத்தெருவில் கோலம் போட்டு விளக்கேற்றி நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள்.

"அண்ணனுக்குப் பொங்கல் மேல கண்ணு," என்று தாளக்காரன் சின்னப்பையன் சிரித்தான்.

அடுத்த நாளும் அதே இடத்தில் அதே மங்களம். யாரும் சிரிக்கவில்லை.

"கோச்சிக்காத அண்ணி," என்றார் பெருமாள். "மேலத்தெருக்காரங்க சண்டைக்கு வராங்க. நாளைக்கும் இப்டின்னா, அண்ணன் வூட்லயே இருக்கட்டும்."

அம்முலு வேதகிரியை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஐப்பசியில் துருத்தி கிழிந்து பெட்டி பழுதுக்குப் போயிருந்தபோது, சோற்றுத் தட்டைப் பார்த்து, இது எதுக்கு என்று கேட்டவர் அவர். பெட்டி திரும்பி வந்த பிறகுதான் சரியாகச் சாப்பிட்டார்.

அரிசி புடைத்துக்கொண்டே யோசித்தாள். இரண்டு நாளும் சிட்டம்மாள் வாசலில்தான் நடந்தது. மகளுக்கு டைபாய்டு தெளிந்ததற்காக, மார்கழி முழுக்க பஜனைக்குக் கற்பூரம் காட்டுவதாகச் சிட்டம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். மற்ற வாசல்களில் வெறும் விளக்குதான். முதல் நாள் தூறலில் அந்தக் கற்பூரம் பற்றவே இல்லை.

முறத்தை வைத்துவிட்டுச் சிட்டம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"இன்னாக்கா, நெருப்புப் பொட்டி வேணுமா?" என்று சிட்டம்மாள் கேட்டாள்.

"கற்பூரத்தப் பாத்தா அவரு கோவில்னு நெனச்சிக்கிறாரு போல கீது. கை மங்களத்துக்குப் போயிடுது."

"வேண்டுதல நிறுத்தச் சொல்றியா?"

"ஐயோ இல்லம்மா. பொட்டி தாண்டினப்புறம் காட்டு. பின்னால தாளம் வருதே, அதுவும் பஜனதானே."

"சரி. ஆனா எப்போ ஏத்தணும்னு நீயே வந்து நின்னு சொல்லு. அப்புறம் என்னைக் கொற சொல்லக்கூடாது."

மறுநாள் விடியலில் அம்முலு முன்னாலேயே போய் அந்த வாசலில் நின்றாள். வேதகிரி வாசித்தபடி தாண்டி அடுத்த வீட்டுக் கோலத்துக்குப் போனதும் தலையை ஆட்டினாள். அவர் முதுகுக்குப் பின்னால் கற்பூரம் எரிந்தது. வாசனை எட்டிவிடுமோ என்று அவளுக்குப் பயம். பாட்டு மாறாமல் மேலத்தெருவுக்குள் திரும்பியது.

கோவிலில் கற்பூரத் தட்டு எரிந்தபோது, பெருமாள் வாய் திறக்கும் முன்பே பெட்டியில் மங்களம் வந்துவிட்டது.

"இப்ப சரி," என்றார் பெருமாள்.

தொன்னைப் பொங்கலைத் தின்றுகொண்டே வேதகிரி அம்முலுவைப் பார்த்தார். "நீ யாரு வூட்டும்மா? லாந்தர் புட்சிக்கினு கூடவே வர."

"பொட்டிக்காரர் வூடு."

"நாளைக்கும் வருவியா?"

"தை பொறக்கற வரைக்கும் வருவேன். மொதல்ல துன்னு," என்றாள்.