மெட்ராஸ் ஐ வந்த முயல்

காலை ஆறு இருபது. பீளையில் ஒட்டிக் கிடந்த இமைகளை அம்மா வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துப் பிரித்ததும் நான் முதலில் பார்த்தது, கட்டிலுக்கடியில் ஆப்பிள் பெட்டிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு சிவப்புக் கண்ணை.

மெட்ராஸ் சென்னையாவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஆறு வீடுகளுக்கு ஒரே குழாய் இருந்த ‘வட்டாரா’ என்ற வாடகைக் குடியிருப்பில் நாங்கள் ஒற்றை அறையில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. லாரி ஓட்டிய அப்பா மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். எனக்குத் துணைக்கென்று சிவாஜிநகரிலிருந்து ஒரு ஜோடி முயல் வாங்கி வந்திருந்தார். பெண் முயல் தூய வெள்ளை, பெயர் பஞ்சு. ஆண் முயல் பழுப்பு, அதற்குக் கண் கருப்பு. எனக்குக் கண்வலி வந்தபோது பஞ்சு ஐந்து குட்டிகள் போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஊர் முழுக்கக் கண்வலி. எங்கள் வட்டாராவில் முதலில் வந்தது எனக்கு. வீட்டுக்காரரின் மனைவி, எல்லோருக்கும் ‘ஓனரம்மா’, தமிழையும் கன்னடத்தையும் ஒரே மூச்சில் பேசுபவர், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

“ஏனம்மா கமலா, உங்க ஊரு நோயக் கொண்டாந்து நம்ம குழாய்கிட்ட வச்சிட்டியே.”

“எங்க ஊரு ஆம்பூருங்க,” என்றார் அம்மா. “மெட்ராஸ நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல.”

“பேர்லயே இருக்குல்ல, மெட்ராஸ் ஐன்னு. அந்த ‘மொல’த்துக்கும் பாரு, எப்படி செவந்திருக்கு.”

மொல என்றால் கன்னடத்தில் முயல். தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது: கண் வெளுக்கும்வரை நானும் முயலும் வெளியே வரக் கூடாது; மற்ற ஐந்து வீடும் பிடித்த பிறகே அம்மா தண்ணீர் பிடிக்க வேண்டும்; அதற்குப் பிறகும் சிவந்தே இருந்தால், “செவப்புக் கண்ணு ஒண்ணும் இங்க வேணாம்.”

அம்மா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனவர். லீவு கிடையாது. எட்டு மணிக்குக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவார், ஆறரைக்குத் திறப்பார். இடையில் எனக்கு இருந்தது தட்டு மூடிய சோறு, ஒரு ஜன்னல், அதற்கு நேரே குழாய், ஏழு முயல்கள். குழாயடியில் விளையாடிய பிள்ளைகள் என் ஜன்னல் பக்கம் வரும்போது கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் எனக்குக் கொடுத்த சொட்டு மருந்தை அம்மா காலையும் மாலையும் எங்கள் இருவருக்கும் விட்டார்; மதியம் பஞ்சுவை முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நானே விட்டேன். என் கண் மெல்ல வெளுத்தது. அதன் கண் அப்படியே இருந்தது.

பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் குட்டிகளைப் பார்த்தேன். முடி முளைக்காத, விரல் நீளக் குட்டிகள். நான்காம் நாளுக்குள் மூன்றின் தோல் சாம்பல் பூத்துக் கறுத்தது; இரண்டு ரோஜா நிறத்திலேயே நின்றன. கறுத்த மூன்றுக்கும் மூடிய இமைக்கடியில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. மற்ற இரண்டுக்கும் தெரியவில்லை. கண் திறக்கும் முன்பே எவை போக வேண்டியவை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று மாலை பூட்டுத் திறந்ததும் சொன்னேன்.

“இது நோயில்லம்மா. வெள்ளைக்குக் கண்ணே அப்படித்தான். பொறக்கும்போதே.”

“எனக்கும் தெரியும் கண்ணு,” என்றார் அம்மா. “இத்தன மருந்து ஊத்தியும் தெரியாமயா இருக்கும்? குழாய்ல தண்ணி புடிக்கணுமே.”

முடிக்கு நிறம் தரும் அதே பொருள்தான் கண்ணுக்கும் நிறம் தருகிறது என்பதை நான் கல்லூரியில் படித்தேன். பஞ்சுவைப் போன்ற முயல்களின் உடலில் அது எங்குமே உருவாவதில்லை. கண்ணில் நாம் காணும் சிவப்பு உள்ளே ஓடும் ரத்தத்தின் சிவப்பு. நீலக் கண் கொண்ட வெள்ளை முயலும் உண்டு, அதற்குக் காரணமான மரபணு வேறு. இரண்டு குட்டிகள் வெள்ளையாகப் பிறந்ததால், கருப்புக் கண் கொண்ட தகப்பனும் அந்த வெள்ளைக்கான மரபணுவை உள்ளே வைத்திருந்திருக்க வேண்டும். வெள்ளைத் தாய்க்குப் பிறந்ததால் பழுப்புக் குட்டிகள் மூன்றும் அதை வைத்திருந்தே ஆக வேண்டும்.

பத்தாம் நாள் குட்டிகள் கண் திறந்தன. மூன்று கருப்பு, இரண்டு சிவப்பு. பால் மறக்கும்வரை தாயும் பிள்ளையும் இருக்கட்டும் என்று அம்மா கெஞ்சி வாங்கிய தவணை, ஜன்னலைச் சாத்தி வைக்கும் நிபந்தனையோடு, ஒரு மாதம் ஓடியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சுவையும் வெள்ளைக் குட்டிகள் இரண்டையும் ஒயர் கூடையில் வைத்துத் துண்டால் மூடி, அம்மா சிவாஜிநகர் பஸ் ஏறினார். அன்று கதவு பூட்டப்படவில்லை. நான் வாசலைத் தாண்டவில்லை. அங்கே முயல் விற்பவர்களும் கறிக்கடைகளும் ஒரே சந்தில்தான். எங்கே கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கூடையில் கொத்தமல்லி வந்தது. மாலையில் குழாயடியில் அம்மா இரண்டாவதாக நின்றார்.

அடுத்த ஆண்டு, மீதமிருந்த பழுப்பு முயல்களுக்குள் பிறந்த குட்டிகளில் ஒன்று வெள்ளை. அப்போது யாருக்கும் கண்வலி இல்லை. “கண்ணு மாணிக்கம் மாதிரி இருக்கு,” என்று ஓனரம்மாவே அதைத் தன் பேத்திக்குக் கேட்டு வாங்கிப்போனார்.

அந்த ஆறு வீடுகளும் குழாயும் இப்போது இல்லை. அங்கே ஓர் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது. போன மழைக்காலத்தில் என் மகளுக்குக் கண் சிவந்தது. மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பிரிக்காமலே “மெட்ராஸ் ஐ-யா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி மருந்தை வாங்கிக்கொண்டேன்.