ஊதாச் சேலை

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டங்களில் யார் வீட்டு வாஷிங் மெஷின் நின்றாலும் யோகராஜாதான் வருவார். கியர்பாக்ஸைக் கழற்றி, தேய்ந்த கிளட்சை மாற்றிய பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார். ஊருக்கெல்லாம் ஓடிய அந்த மனுஷனின் வீட்டு மெஷின் மட்டும் துணி பிழியாமலே கிடந்தது.

“ஏங்க, கொழுந்து பறிச்ச கையாலதான் கம்பளியையும் பிழியணுமா?” என்பாள் மனைவி புஷ்பவள்ளி.

“அடுத்த கிழமை பாக்குறேன் புள்ள.”

கொழுந்து மலையில் மண் சரிந்து அவள் போன பிறகே கிளட்சை மாற்றினார். மெஷின் சுற்றியது. ஆனால் ஒற்றை ஆளின் இரண்டு சட்டைகளும் ஒரே பக்கம் ஒதுங்கியதால், தடதடவென்று சுவரில் இடித்தது. அவளுடைய ஊதாச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து எதிர்ப்பக்கம் போட்டார். இடிப்பது நின்றது.

இப்போது ஞாயிறுதோறும் அதையும் சேர்த்தே துவைக்கிறார். யாரும் உடுத்தாத சேலை வெளுத்துக்கொண்டே வருகிறது.